சமதரை வொரண்டி

அழகமுத்துவின் கார் பின்னோக்கிப் போகத் தொடங்கியபோது, முன்னோக்கிப் போகும் கியர்தான் போடப்பட்டிருந்தது. அதை அவர் குனிந்து பார்த்தே உறுதிசெய்துகொண்டார். எஞ்சின் சிங்கம்போல் உறுமியது. வண்டி நண்டுபோல் பின்வாங்கியது.

"என்னங்க, கீழ போறோம்" என்றாள் பின் ஆசனத்தில் காலை நீட்டிக்கொண்டிருந்த புஷ்பம்.

"தெரியுது."

"வீடு மேலதானே இருக்கு?"

அதுவும் அவருக்குத் தெரியும். கடுகண்ணாவையில் பிரதான வீதியை விட்டுப் பிரிந்து, மலையைப் பார்த்து நிமிர்ந்து ஏறும் ஒழுங்கையின் உச்சியில்தான் அவர்கள் வீடு. கண்டி மாநகரசபையின் தண்ணீர்க் கட்டணப் பிரிவில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றபோது கையில் வந்த பணத்தை வைத்து அவர் வாங்கிய கார் அது. புஷ்பத்துக்கு முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. செவ்வாயும் வியாழனும் பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலை மடக்கிப் பழகவேண்டும். பழகாவிட்டால் விறைத்த கால் விறைத்தபடியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நீட்டிய காலோடு அவளை முச்சக்கர வண்டிக்குள் ஏற்ற வழியில்லை. கார் இருந்தால்தான் கால்.

வண்டி ஒருவாறு மண் திட்டில் சாய்ந்து நின்றது. அயல்வீட்டு ஆட்கள் ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து புஷ்பத்தை அதில் உட்காரவைத்து வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். ஒழுங்கையின் அடியில் கராஜ் வைத்திருக்கும் ஹபீல் நானா ஓடிவந்து பொனட்டைத் திறந்தார்.

"கியர்பொக்ஸ்ல ஏதோ ஈக்கிது அண்ணன். கழட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்று ஸ்பெனரை எடுத்தவர், "வண்டி எடுத்து எவ்வளவு காலம்?" என்று கேட்டார்.

"ரெண்டு வருஷம். இன்னும் மூணு வருஷம் வொரண்டி இருக்கு நானா."

கரண்ட் கம்பியைத் தொட்டவர்போல ஹபீல் நானா கையை இழுத்துக்கொண்டார். "முந்தியே சென்னா நான் பொனட்டையும் தொட்டீக்க மாட்டேன்" என்றார். பிறகு தோளில் கிடந்த துணியை எடுத்து, தாம் தொட்ட இடங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் துடைத்தார். "நான் தொட்டண்டு அவங்கள்ட்ட செல்லிராதீங்க."

வண்டியை விற்ற எவர்ஷுவர் மோட்டார்ஸ் கம்பனிக்குக் கண்டியில் மூன்று மாடிக் கண்ணாடிக் கட்டடம் இருந்தது. அங்கிருந்து ஒரு லொறி வந்து காரை ஏற்றிக்கொண்டு போயிற்று. அழகமுத்துவுக்கு மனம் குளிர்ந்தது. விதிகளில் அவருக்கு மரியாதை உண்டு. பணம் கட்ட வருகிறவர்கள் நிற்கும் கருமபீடத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தலை நரைத்த மனிதர் அவர். உரிய இடத்தில் உரிய முறையில் கேட்டால் உரியது கிடைக்கும் என்பது அவருடைய மதம்.

அடுத்த வாரம் அழைப்பு வந்தது. கருமபீடத்தில் இருந்த றமீஸா என்ற பெண் மிக மரியாதையாக ஒரு பில்லை நீட்டினாள். வண்டியை ஏற்றிவந்த கூலி, கியர்பொக்ஸைக் கழற்றிய கூலி, பார்த்த கூலி, திரும்ப மாட்டிய கூலி என்று வரிசையாக இறங்கிய பில், கோளாறு இல்லை என்று கண்டறிந்த கூலியில் வந்து முடிந்தது.

"கோளாறு இல்லன்னா, வண்டி இப்ப மேட்டில ஏறுமா மகள்?"

"ஏறாது அங்கிள்."

"ஏன்?"

"கோளாறு ஈந்தாத்தானே திருத்த ஏலும். இல்லாததால ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சி."

"அப்ப பில்லு எதுக்கு?"

"ஈக்கிற ஒண்ட யாரும் கண்டுபிடிப்பாங்க அங்கிள். இல்லண்டு கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம்" என்றாள் றமீஸா. அவள் பரிகாசம் செய்யவில்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்ததை ஒப்பித்தாள், அவ்வளவுதான். "அங்கிள் விரும்பினா புது கியர்பொக்ஸ் போடலாம். அதுக்கு இது வேற பில்."

அந்த வேறு பில்லைப் பார்த்ததும் அழகமுத்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தொகை அப்படியே இருந்தது.

"வொரண்டி இருக்கே" என்றார்.

பக்கத்து மேசைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றது. றமீஸா எழுந்தாள். மரண வீட்டுக்கு வந்தவரை உள்ளே அழைத்துப் போவதுபோல அவரை மேல்மாடிக்கு அழைத்துப் போனாள்.

வொரண்டி அதிகாரி பொன்னுத்துரையின் அறை குளிராக இருந்தது. கழுத்துப்பட்டி கட்டிய, மென்மையான குரலுள்ள யாழ்ப்பாணத்து மனிதர். வந்தவரைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி வரவழைத்து, அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"ஐயா, வொரண்டி எண்டால் என்னெண்டு நினைக்கிறியள்?"

"வண்டி பழுதானா நீங்க திருத்தித் தர்றதுங்க."

பொன்னுத்துரை இரக்கத்தோடு சிரித்தார். "எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கினம். வொரண்டி எண்டுறது ஒரு நம்பிக்கை ஐயா. எங்கட வண்டி அஞ்சு வருஷத்துக்குப் பழுதாகாது எண்டு நாங்கள் நம்புறம். நீங்கள் வந்து பழுதாப்போச்சு எண்டு சொன்னால், அந்த நம்பிக்கையை முறிக்கிறது ஆர்? நீங்கள். முறிச்ச ஆளுக்கே வொரண்டியைக் குடுக்கிறது நியாயமோ?"

அழகமுத்து யோசித்தார். எங்கோ ஓரிடத்தில் பிசகுகிறது என்று தெரிந்தது. எந்த இடம் என்று பிடிபடவில்லை.

"நான் இந்தக் கதிரைக்கு வந்த நாளிலயிருந்து ஒருத்தருக்கும் வொரண்டி குடுத்ததில்லை" என்று பொன்னுத்துரை குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எங்கட வண்டியின்ர தரத்துக்கு இதைவிட வேற அத்தாட்சி வேணுமே?"

"எந்த விதிப்படி எனக்கு இல்லைன்னு சொல்லுங்க, நான் போயிர்றேன்" என்றார் அழகமுத்து.

விதி என்ற சொல்லைக் கேட்டதும் பொன்னுத்துரையின் முகம் மலர்ந்தது. மேசையில் கிடந்த வொரண்டி விதிப்புத்தகத்தை விரித்தார். "சாதாரணப் பாவனைக்கு மட்டும் எண்டு போட்டிருக்கு பாருங்கோ. சாதாரணப் பாவனை எண்டால் சமதரை. வெள்ளம், இடி, மண்சரிவு, மேடு, இதெல்லாம் இயற்கை அனர்த்தம். ஒரே பந்தியில வரும்."

"கண்டியில எல்லாமே மேடுதானுங்களே."

"அது கண்டியின்ர பிரச்சினை."

"உங்க கம்பனியும் கண்டியிலதானே இருக்கு?"

"வண்டி விக்கிறதுக்கு மேடு ஒரு தடையில்லை ஐயா."

பிறகு அவர் ஒரு தாளை எடுத்து, விசாரணைக்கு வேண்டும் என்று சில கேள்விகள் கேட்டார். வாங்கிய பிறகு வண்டியில் ஏதும் மாற்றம் செய்தீர்களா? இல்லை. வண்டியில் யார் யார் போவது? நானும் சம்சாரமும். அவங்களுக்கு இப்பத்தான் முழங்கால் ஒப்பரேசன். புது முழங்கால் வச்சிருக்காங்க.

பேனா நின்றது. "இரும்போ?"

"ஏதோ உலோகம்னு டாக்டர் சொன்னாரு."

"வண்டி வாங்கேக்க இது இருந்ததோ?"

"இல்லீங்க. போன மாசம்தான்."

"அப்ப கொள்வனவுக்குப் பிறகு வண்டிக்குள்ள ஒரு உலோகப் பாகம் சேர்ந்திருக்கு. எங்கட கம்பனிப் பாகமும் இல்லை."

"அது வண்டிக்குள்ள இல்லீங்க. அவ காலுக்குள்ள."

"கால் எங்க இருக்கிறது? வண்டிக்குள்ளதானே?" என்று சொல்லிக்கொண்டே பொன்னுத்துரை எழுதினார்.

ஆனாலும் கம்பனி நியாயமானது என்று காட்டுவதற்காக ஒரு பரீட்சை ஓட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். தொழில்நுட்ப மதிப்பீட்டாளர் லாபிர் வந்தார். அவர் ஒருகாலத்தில் நல்ல மெக்கானிக். பதவி உயர்ந்த பிறகு எஞ்சினைப் பார்ப்பது அவருடைய தரத்துக்கு ஒவ்வாது என்று கம்பனி தடுத்துவிட்டது. இப்போது மதிப்பிடுவது மட்டும்தான். காரை ஏரிக்கரை வீதியில் ஒரு சுற்று ஓட்டினார்கள். தண்ணீரில் வாத்துப் போவதுபோல அது அத்தனை அழகாகப் போயிற்று.

"பூன மாதிரிப் போகுது. ஒரு கொறையும் இல்ல" என்று லாபிர் எழுதிக்கொடுத்தார்.

"ஏரிக்கரையில சரிங்க. நான் வீட்டுக்குப் போகணுமே" என்றார் அழகமுத்து.

பின் ஆசனத்தில் இருந்த பொன்னுத்துரை இதற்காகவே காத்திருந்ததுபோல ஒரு வர்ணத் துண்டுப்பிரசுரத்தை எடுத்து நீட்டினார். "எங்கட கம்பனிக்குக் காணிப் பிரிவும் இருக்கு ஐயா. குண்டசாலையில சமதரைக் காணி விக்கிறம். அங்க ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு போனியள் எண்டால் உங்கட வொரண்டி முழுசா வேலை செய்யும்."

அழகமுத்து துண்டுப்பிரசுரத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, காரைக் கம்பனியிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு திரும்பினார்.

அந்த வாரம் புஷ்பத்தைக் கதிரையில் வைத்துக் கீழே இறக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. பிறகு, மேட்டில் ஏறமாட்டேன் என்று அடியிலேயே நிற்கும் வாடகை வேன். திரும்பி வந்ததும் மறுபடி நான்கு பேர். "பெரஹரா ஊர்வலத்தில யானைக்குத்தான் இத்தனை ஆளு" என்று அவள் சிரித்தாள். அதற்கடுத்த வாரம் வேன் கிடைக்கவில்லை, ஆட்களும் கிடைக்கவில்லை. இரண்டு நாளும் தவறிப்போயின. ஒரு பின்னேரம் அறைக்குள்ளிருந்து முனகல் கேட்டு அழகமுத்து எட்டிப் பார்த்தார். புஷ்பம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, துவாயைக் கணுக்காலில் மாட்டி இழுத்துக் காலை மடக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மடங்கவில்லை. கண் நிறைந்திருந்தது. அவரைக் கண்டதும் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேர்க்குது" என்றாள்.

அன்றைக்கு அவர் கொழும்புத் தலைமையகத்துக்கு மேன்முறையீடு எழுதினார்.

தலைமையகம் அசைந்தது. வொரண்டி விசாரணைக் குழு ஒன்று நேரில் வந்து மேட்டைப் பார்வையிடும் என்று பதில் வந்தது. குறித்த நாள் காலையில் ஒரு பெரிய ஜீப் ஒழுங்கையின் அடியில் நின்றது. பொன்னுத்துரையும் லாபிரும் இறங்கி, குழுத் தலைவரான பணிப்பாளர் மெண்டிஸுக்குக் குடை பிடித்தார்கள். அழகமுத்துவின் காரும் லொறியில் வந்து இறங்கியது. வேடிக்கை பார்க்கக் கூடிய அயலவர்களைக் கண்டதும் மெண்டிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு சிங்களத்தில் பேசத் தொடங்கிவிட்டார். லாபிர் தமிழில் சொன்னார்.

"எங்கட வாடிக்கையாளர் ஒத்தர்ர கொறையக் கேக்கிறதுக்காகச் சேர் கொழும்பிலேந்து வந்தீக்கிறார். கேட்டுட்டார். வேற எந்தக் கம்பனிக்காரன் இவ்வளவு தூரம் வந்து கேப்பாண்டு சேர் கேக்கிறார்."

யாரோ கைதட்டினார்கள். மெண்டிஸ் கும்பிட்டுவிட்டு ஜீப்பை நோக்கித் திரும்பினார்.

"சேர், வண்டியப் பாக்கணுமே" என்றார் அழகமுத்து.

பார்க்கத்தான் வேண்டியிருந்தது. உரிமையாளரே ஓட்டவேண்டும், குழு உள்ளே இருக்கவேண்டும், ஓட்டம் மேட்டின் அடியில் தொடங்கி உச்சியில் முடியவேண்டும் என்பது விதி. நடுவில் நின்றால் ஓட்டம் நடக்கவில்லை என்று கணக்கு. குழு மறுபடி கொழும்பிலிருந்து வரவேண்டும். மூவரும் ஏறிக்கொண்டார்கள். கார் பாதி மேடுவரை போயிற்று. அதன்பிறகு சிங்கமும் நண்டுமாக அதன் பழைய குணம் வந்துவிட்டது.

"பாரம்" என்றார் மெண்டிஸ். மூவரும் இறங்கினார்கள். அப்படியும் வண்டி பின்னுக்கே வந்தது. அந்த நேரம் பார்த்து மழையும் தூறத் தொடங்கியது. மறுபடி இந்த மலைக்கு வருவதை நினைத்தோ என்னவோ, மெண்டிஸ் வானத்தைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், பிறகு குடையை மடக்கிவிட்டுக் காரின் பின்புறத்தில் கையை வைத்தார். பணிப்பாளர் கை வைத்த இடத்தில் மற்ற இருவரும் கை வைக்காமல் இருக்க முடியுமா? பொன்னுத்துரை கழுத்துப்பட்டியைத் தோளுக்குப் பின்னால் எறிந்துகொண்டார். அயலவர்கள் இரண்டு பேர் உதவிக்கு ஓடிவந்தார்கள்.

"தொடாதேயுங்கோ" என்று மூச்சிரைக்கத் தடுத்தார் பொன்னுத்துரை. "வெளியாள் தொட்டால் வொரண்டி போயிடும்."

ஆகவே வெளியாட்கள் கைகட்டி நின்று பார்க்க, கம்பனி தனியாகவே தள்ளியது. சேறு தெறித்தது. லாபிரின் சப்பாத்து ஒன்று கழன்று ஒழுங்கையோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தது. யன்னலில் நின்ற புஷ்பம், தன் கணவர் இராசாபோல ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அங்குலம் அங்குலமாக மேலேறி வருவதைக் கண்டு தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள்.

உச்சியில் வாசற்படியில் உட்கார்ந்து, மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் மெண்டிஸ் அறிக்கையைச் சொல்லச் சொல்லப் பொன்னுத்துரை எழுதினார். வாகனம் மேட்டின் அடியிலிருந்து உச்சிவரை ஏறியது. கோளாறு எதுவும் அவதானிக்கப்படவில்லை. மூவரும் ஒப்பமிட்டார்கள்.

"நீங்கதானுங்களே தள்ளினீங்க?" என்றார் அழகமுத்து.

"தள்ளினது நாங்கள், ஏறினது வண்டி" என்று பொன்னுத்துரை பொறுமையாக விளக்கினார். "அறிக்கை வண்டியைப் பற்றி. எங்களைப் பற்றியில்லை."

அவர்கள் போன பிறகு அழகமுத்து அறிக்கையின் பிரதியை மனைவிக்கு வாசித்துக் காட்டினார்.

"வியாழக்கிழமை கிளினிக் இருக்கு" என்றாள் புஷ்பம். "அந்த மூணு பேரையும் வரச் சொல்லுங்க."

அவள் கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அழகமுத்து அதைக் கருமபீடத்து மூளையால் யோசித்தார். வண்டி ஏறியது உண்மை. மூன்று பேரோடுதான் ஏறியது என்பதும் உண்மை. கம்பனி பரீட்சித்துக் காட்டியது எதுவோ அதைத்தான் வாடிக்கையாளர் கேட்கமுடியும். கேட்டால் என்ன பிழை?

மறுநாள் காலை அவர் போனபோது கீழ்மாடியில் ஒரு குடும்பம் புதுக் கார் எடுக்க வந்திருந்தது. குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. வண்டிக்குச் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள்.

"வண்டி ஏறுதுன்னு அறிக்கை வந்திருச்சு மகள். சந்தோஷம்" என்று அவர் றமீஸாவிடம் சொன்னார். "எப்படி ஏறிச்சோ அப்படித்தானே இனியும் ஏறும். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அந்த மூணு பேரையும் அனுப்புங்க. போகும்போது வேண்டாம், வண்டி தன்னால எறங்கிரும். திரும்பி ஏறும்போது மட்டும் போதும்."

றமீஸா மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"எந்த மூணு பேர் ஐயா?" என்று கார் எடுக்க வந்தவர் கேட்டார். அழகமுத்து நடந்ததை நடந்தபடி, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். கேட்டு முடித்தவர் விற்பனைப் பையனிடம் திரும்பினார். "தம்பி, எங்க வீடு ஹந்தானையில. அது இன்னும் செங்குத்து. அங்க எத்தனை பேர் தருவீங்க?"

சிவப்பு நாடா அன்று அவிழவில்லை.

வியாழக்கிழமை யாரும் வரவில்லை. அழகமுத்து கோபிக்கவில்லை. மறுநாள் கம்பனிக்கு வந்து கீழ்மாடியில் ஒரு கதிரையில் உட்கார்ந்து, தம்முடைய முறை வரும்வரை காத்திருந்து, அதே வேண்டுகோளை மரியாதையாக வைத்தார். அதற்கடுத்த நாளும் வைத்தார். பக்கத்தில் இருப்பவர்கள் என்ன விஷயம் என்று கேட்பார்கள். கேட்டவருக்குச் சொல்லாமல் விடுவது அவருக்குப் பழக்கமில்லை. மலையும் சரிவுமாக வீடு கட்டிய ஊரில் அந்தக் கதை தன்பாட்டில் வீடு வீடாக நடந்தது. கடைசியில் பொன்னுத்துரையே கீழே இறங்கி வந்தார்.

"ஐயா, நீங்கள் பகிடி பண்ணுறியள்."

"இல்லீங்க. ஒப்பம் போட்டது நீங்க."

பொன்னுத்துரை அவருடைய முகத்தில் பகிடியைத் தேடினார். கிடைக்கவில்லை. அந்த ஒரு தடவை, இல்லாததைக் கண்டுபிடிப்பது அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் அவரை மேல்மாடிக்கு அழைத்தார்கள். தேத்தண்ணி வந்தது, இந்தத் தடவை பிஸ்கட்டும் வந்தது.

"கம்பனி உங்களுக்கு நல்லெண்ணம் காட்டத் தீர்மானிச்சிருக்கு" என்றார் பொன்னுத்துரை. "புது கியர்பொக்ஸ் போடுவம். பில் ஒண்டும் இல்லை, பழைய பில்லும் இல்லை. ஆனால் ஒண்டை விளங்கிக்கொள்ளுங்கோ ஐயா, இது வொரண்டி இல்லை. வொரண்டி எண்டுறது உங்கட உரிமை, அதைக் குடுக்கேலாது. ஒருத்தருக்குக் குடுத்தால் எல்லாரும் கேப்பினம். நல்லெண்ணம் எண்டுறது பிச்சை மாதிரி. அதை நாங்கள் விரும்பினால் எவ்வளவும் குடுக்கலாம்."

"எதுவா இருந்தாலும் சரிங்க. மேட்டில ஏறினாப் போதும்."

கம்பனி மறுபடி லொறியில் ஏற்றிப்போன வண்டி தயாரான நாளில் மெண்டிஸின் வாழ்த்துச் செய்தி வாசிக்கப்பட்டது. அழகமுத்துவின் கையில் சாவியைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். எல்லாம் முடிந்து அவர் புறப்படும்போது றமீஸா பின்னாலேயே ஓடிவந்து ஒரு தாளை நீட்டினாள். முகம் வாடியிருந்தது.

"அங்கிள், இதிலயும் ஒரு சைன் வெக்கணும். ஒங்கட வண்டிர வொரண்டிய கென்சல் பண்ணீக்கிறாங்க."

"ஏன் மகள்?"

"கோளாறு இல்லாத கியர்பொக்ஸக் கழட்டி வேற ஒண்டு போட்டீக்குதாம். அது விதிக்கு மாறாம்."

"யாரு போட்டது?"

"நாங்கதான்" என்றாள் றமீஸா.

அழகமுத்து காரின் கூரையில் தாளை வைத்து ஒப்பமிட்டார். அன்று வியாழக்கிழமை. காலையில் வாடகை வேனில் கொண்டுபோய் விட்டிருந்த புஷ்பத்தைப் பேராதனை ஆஸ்பத்திரியிலிருந்து ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவைக்கு வந்தார். ஒழுங்கையின் அடியில் ஒரு கணம் நிறுத்தி, மனதுக்குள் கதிர்காமக் கந்தனைக் கும்பிட்டுவிட்டு அக்சிலேட்டரை மிதித்தார். உறுமல் இல்லை. பின்வாங்கல் இல்லை. கார் ஒரே மூச்சில் மேலேறி வாசலில் நின்றது. அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னார்.

"வொரண்டி போயிருச்சு புஷ்பம். ரத்துப் பண்ணிட்டாங்க. இன்னும் மூணு வருஷம் இருந்துச்சு."

அவள் கதவைத் திறந்து, நீட்டியிருந்த காலைக் கையால் பிடித்து மெதுவாக மடக்கினாள். வலித்தது, ஆனால் மடங்கியது. பாதத்தைத் தரையில் ஊன்றி எழுந்து நின்றாள்.

"என் முழங்காலுக்கு டாக்டர் எத்தன வருஷ வொரண்டி குடுத்தாரு?"

"அப்படி ஒண்ணும் குடுக்கலையே."

"அதானே" என்று சொல்லிவிட்டு, இறங்கி வந்து அவர் நீட்டிய கையைப் பிடிக்காமலே புஷ்பம் படியேறினாள்.